ரஞ்சிதாவின் இரண்டாவது லைன்

கருக்கம்பாளையத்தில் யாரையாவது நிறுத்தி ரஞ்சிதா வீடு எது என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் "ஏனுங்க, உங்களுக்கும் நெட்டு நின்னுபோச்சுங்களா?" என்று கேட்பார்கள். அவளைத் தேடி வருகிறவர்கள் நல்ல சேதியோடு வருவதில்லை. நெட் ஒழுங்காக ஓடுகிற நாளில் அப்படி ஒருத்தி ஊரில் இருக்கிறாள் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுபோனால் போதும், கோழிப்பண்ணை மேனேஜர் முதல் செல்போனில் சீரியல் பார்க்கும் மாமியார் வரை அத்தனை பேரும் அவள் நம்பரைத்தான் அழுத்துவார்கள். மோகனூருக்கு மேற்கே வாய்க்கால் தண்ணீர் பாய்கிற ஊர்களில் பாதிக்கு அவள்தான் நெட் கொடுக்கிறாள். அந்தப் பாதி ஊர்களின் ஏச்சும் பேச்சும் அவளுக்குத்தான்.

அவளும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. "லைன் அறுந்துபோச்சுங்க. ஒட்டறதுக்குச் சாயங்காலம் ஆகும். நடுவுல எத்தனை தடவை கூப்பிட்டாலும் சாயங்காலந்தானுங்க" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவாள். மற்ற ஆபரேட்டர்கள் இதோ வந்துரும், அதோ வந்துரும் என்று நாளெல்லாம் நாக்கூசாமல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரஞ்சிதாவுக்கு அந்தப் பொய் வாயில் வராது. மரியாதையும் வராது என்பார்கள் அவளுக்கு வேண்டாதவர்கள். வேண்டாதவர்களில் முதல் ஆள் சின்னண்ணன்.

சின்னண்ணன் அவளுடைய கணவன் வெங்கடாசலத்துக்குப் பெரியப்பா மகன். வயதில் மூத்தவர், ஆகவே ரஞ்சிதாவுக்கு மச்சாண்டார் முறை. மச்சாண்டாருக்கு எதிரே நின்று தம்பி பெண்டாட்டி பேசக்கூடாது, சொல்ல வேண்டியதை நடுவில் ஓர் ஆளை வைத்துச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பழைய மரியாதை. இந்தக் காலத்தில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ரஞ்சிதா மட்டும் விடாப்பிடியாகப் பார்த்தாள். விஷயம் தெரியாதவர்கள் எவ்வளவு அடக்கமான பெண் என்று மெச்சிக்கொண்டார்கள். அடக்கமாவது ஒன்றாவது! அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தை கெட்ட வார்த்தையாக வந்துவிடும் என்று அவளுக்கே தெரியும்.

பகை வந்த கதை பெரிய கதை இல்லை. வெங்கடாசலமும் சின்னண்ணனும் சேர்ந்துதான் மாட்டுக்கொட்டகைக்குமேல் முதல் டிஷ்ஷை வைத்து, கீழே கண்ட்ரோல் ரூம் போட்டுக் கேபிள் டிவி கொடுத்தார்கள். பிறகு டிவிக்காரர்கள் எல்லோரும் நெட்டுக்காரர்களாக மாறிய காலத்தில் இவர்களும் மாறினார்கள். அந்தச் சமயத்தில்தான் வெங்கடாசலம் மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்திருக்காமலே போனான். கருமாதி அன்றைக்கு, பந்தியில் சாப்பிட்ட இலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் சின்னண்ணன் ஓர் ஆளை அனுப்பினார். "கண்ட்ரோல் ரூம் சாவியை வாங்கியாரச் சொன்னாங்க. பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பாடு, இனி நானே பாத்துக்கறேன்னு சொன்னாங்க" என்றான் அந்த ஆள். அது அக்கறையா, ஆசையா என்று ஊர் இன்றைக்கும் இரண்டாகப் பிரிந்து பேசும். ரஞ்சிதாவுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. சாவியை மடியில் முடிந்துகொண்டு, "இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சின்னண்ணன் சாப்பிடாமல் போனார். போனவர் தனியாக ஒரு கண்ட்ரோல் ரூம் போட்டார். ஒரே ஊரில் இரண்டு நெட். மாமனுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று என்று வீடு வீடாகப் பிரிந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட எந்த நெட் இருக்கிற வீடு என்று பார்த்துப் பேசினார்கள்.

ரஞ்சிதா தொழிலைக் கற்றுக்கொண்டது கோபத்தில்தான். கேபிளை எவ்வளவு இழுத்துக் கட்ட வேண்டும், எவ்வளவு தொங்க விட வேண்டும், பெட்டியில் எந்த நிற இழை எந்த ஊருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். கேபிள் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்குள் தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி இழைகள் பல இருக்கும். ஓர் இழையில் ஒருத்தர், அடுத்த இழையில் இன்னொருத்தர் என்று ஒரே கேபிளில் பல பேர் போகலாம். நாமக்கல்லிலிருந்து தார்ரோடு ஓரமாகவே கம்பத்துக்குக் கம்பம் கட்டி அவள் கொண்டுவந்த மெயின் லைனும் அப்படித்தான். அவளுக்கு நெட் கொடுக்கிற கம்பெனி, உங்கள் கேபிளில் இரண்டு இழையை எங்கள் உபயோகத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று கேட்டது. விட்டாள். அந்த இழைகளில் யார் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. செல்போன் டவருக்காக இருக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. கேபிள் அறுந்துகொண்டே இருந்தது.

கேபிள் அறுவது புதிதில்லை. தென்னை மட்டை விழும், குரங்கு தாவும், போர்வெல் லாரி இழுத்துக்கொண்டு போகும். அப்படி இழுபட்டு அறுந்தால் நுனி நூல்நூலாகப் பிரிந்து சவ்வு மாதிரி தொங்கும். ரஞ்சிதாவின் மெயின் லைன் அப்படி அறுவதில்லை. தார்ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற முக்கில், கத்தரிக்காயை நறுக்கினாற்போல நறுக்கென்று அறுந்து கிடக்கும். முதல்முறை அந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இது வெட்டு" என்றாள்.

பக்கத்தில் ஜெபஸ்டின் உட்கார்ந்து இழைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சேலம் சூரமங்கலத்துப் பையன், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அறுந்த இழைகளை ஒட்டுகிற மிஷின் அந்த வட்டாரத்தில் அவனிடம்தான் இருந்தது. மிஷின் பெட்டிமேல் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருக்கும். ரஞ்சிதா கூப்பிட்டாலும் வருவான், சின்னண்ணன் கூப்பிட்டாலும் வருவான். இங்கே பார்த்ததை அங்கே சொல்வதில்லை, அங்கே கேட்டதை இங்கே சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் இரண்டு பக்கமும் வேலை இருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

"வெட்டுதாங்க்கா" என்றான்.

"யாரு வெட்டுனதுன்னு உனக்கே தெரியும்."

ஜெபஸ்டின் குனிந்த தலை நிமிராமல் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்காததையே ரஞ்சிதா சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் தை, மாசி வந்தால் வெட்டு விழும். ஆனி, ஆடியில் விழாது. ஏன் அப்படி என்று யோசிக்கிறவளுக்கு யோசனை வேறு பக்கம் போயிருக்கும். ரஞ்சிதாவோ, அந்த ஆளுக்குத் தை பிறந்தால்தான் பங்காளி ஞாபகம் வரும் என்று முடிவு கட்டினாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். டீக்கடையில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள், மாரியம்மன் நோன்பில் பூவோடு என்கிற தீச்சட்டியை வைக்கிற வரிசையில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னாள். சின்னண்ணன் காதுக்கும் போகத்தான் செய்தது. அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "அந்தப் புள்ள ஒத்தைக் கால்ல கடை நடத்துது. விழுகாம என்ன பண்ணும்" என்றார்.

அந்தப் பேச்சு ரஞ்சிதாவை அறைந்தது. காரணம், அது உண்மை. ஒரே ஒரு மெயின் லைன். அது அறுந்தால் அத்தனை ஊரும் இருட்டு.

இந்த நேரத்தில்தான் குமரகுரு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மெயின் ரோட்டில் இருக்கிற தனியார் கல்லூரிக்குத் தாளாளர் அவர். சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைக்காரர்களில் பாதிப்பேர் அவருக்குச் சொந்தம், மீதிப்பேர் அவர் சொல்லைத் தட்டாதவர்கள். கல்லூரிக்கு ரஞ்சிதாவின் நெட். அங்கே கம்ப்யூட்டர் அறைகளில் வேலைக்கான ஆன்லைன் பரீட்சை நடத்த அனுமதி வாங்கியிருந்தார்.

"இத பாரும்மா ரஞ்சிதா. எங்கிருந்தெல்லாமோ புள்ளைங்க பஸ் ஏறி வந்து எழுதற பரிச்சை. நடுவுல நெட்டு நின்னா எம்பட மானம் போயிரும். சின்னண்ணன் தினமும் வந்து நிக்கறாப்ல. நான் உனக்காகத்தான் பேசாம இருக்கறேன். இனி ஒரு தடவை நின்னுதுன்னா என்னையக் கேக்காதே."

"அறுக்கறதே அவுங்கதானுங்க. அறுத்துப்போட்டுட்டு உங்க வாசல்ல வந்து நிக்கறாங்க."

"அது உங்க பங்காளிச் சண்டை. எனக்கு வேண்டியது நெட்டு."

கல்லூரி போனால் பண்ணைகள் போகும். பண்ணைகள் போனால் மீதி இருக்கிற வீட்டு இணைப்புகளை வைத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குக் கரண்டு பில்கூடக் கட்ட முடியாது. மடியில் முடிந்த சாவியை அந்த ஆளிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒன்றுதான், கல்லூரியை விடுவதும் ஒன்றுதான் என்று அவள் நினைத்தாள். ஆகவே இன்னொரு கம்பெனியிடம் இரண்டாவது லைன் வாங்கினாள். மெயின் லைன் அறுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் இரண்டாவது லைன் தானாக எடுத்துக்கொள்ளும். அதற்கான பெட்டியை வைத்து இழையை ஒட்டிக் கொடுத்தவன் ஜெபஸ்டின்தான்.

ஒட்டி முடித்துக் கை கழுவ வந்தவனிடம் ரஞ்சிதா கேட்டாள். "கம்பெனி வேறதான?"

"கம்பெனி வேறதாங்க்கா."

"அந்த ஆளு வாங்கற கம்பெனியும் இல்லயே?"

ஜெபஸ்டின் கை கழுவுவதில் மும்முரமானான். "சின்னண்ணன் மெயினு வேற கம்பெனிங்க்கா" என்றான்.

போதும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பக்கத்து ஆபரேட்டர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி அதுதான். கம்பெனி வேறாக இருந்தால் லைனும் வேறு என்று நினைத்துக்கொள்வார்கள். லைன் எந்த ரோட்டில் வருகிறது, யார் கட்டின கேபிளுக்குள் வருகிறது என்று கேட்கத் தோன்றாது. ரஞ்சிதாவுக்கும் தோன்றவில்லை. மறுநாளே டீக்கடையில், சின்னண்ணனின் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "இனி எவன் வெட்டுனாலும் வெட்டிக்கட்டும். எனக்கு இப்ப ரெண்டு காலு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பரீட்சை ஒரு மாசிமாதத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரஞ்சிதா விடிந்ததும் கண்ட்ரோல் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டாள். பெட்டியில் மெயினுக்கு ஒரு விளக்கு, இரண்டாவது லைனுக்கு ஒரு விளக்கு. பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மெயின் விளக்கு பொட்டென்று அணைந்தது.

போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போன் அடிக்கவில்லை. கல்லூரியில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பண்ணைகளில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஊருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது விளக்கு பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக லைன் அறுந்தும் யாரும் அவளைத் திட்டவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜெபஸ்டினைக் கூப்பிட்டு மெயின் லைனைப் போய்ப் பார் என்றாள். அவன் பக்கத்து ஊரில்தான் இருந்தான், கிளம்பிவிட்டான். அதோடு அவள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சந்தோஷம் அவளுக்குள் ஒரு நிமிஷத்துக்குமேல் தங்காது, கோபமாக மாறிவிடும். இன்றைக்குப் பார்த்து வெட்டுகிறானே, ஊர்ப் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிற நாள் பார்த்து வெட்டுகிறானே என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பட்டதை அவனும் ஒருநாள் படட்டும். கட்டரை எடுத்து மொபெட்டின் பையில் போட்டாள்.

சின்னண்ணனின் கேபிள் தார்ரோட்டில் வருவதில்லை. அது வாய்க்கால் கரையோடு வரும். மதகுச் சுவர்மேல் ஏறி நின்றால் கைக்கு எட்டுகிற உயரம். அந்த நேரத்தில் கரையில் ஆள் இல்லை, வெயிலில் இரண்டு எருமைகள் தண்ணீரில் கிடந்தன. ரஞ்சிதா சுவரில் ஏறினாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள், கேபிளைப் பிடித்து இழுத்துக் கட்டரை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒரு துண்டு வாய்க்கால் பக்கம் தொங்கியது. மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

சுவரிலிருந்து கால் கீழே இறங்குவதற்குள் அவள் போன் அடித்தது.

பண்ணை மேனேஜர். எடுப்பதற்குள் இன்னொரு கால். அதற்குள் இன்னொன்று. பிறகு குமரகுரு.

"ஏம்மா, பரிச்சை நின்னுபோச்சு! அத்தனை புள்ளைகளும் திரையைப் பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க!"

"இருங்க, பாக்கறேனுங்க" என்றாள். எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்டினது சின்னண்ணன் கேபிள், நின்றது தன் நெட். கையில் கட்டரோடு கொஞ்ச நேரம் அந்தத் தொங்குகிற நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஜெபஸ்டினைக் கூப்பிட்டாள்.

"ரெண்டாவது லைனும் போச்சுடா சாமி."

"நீங்க எங்கிருக்கீங்க்கா?"

"வாய்க்கால் மதகுகிட்ட."

அவன் மெதுவாகக் கேட்டான். "வாய்க்கால் லைன்ல கை வெச்சீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல், "எதையும் தொடாதீங்க, வரேன்" என்று சொல்லி வைத்தவன் மெயின் லைனை அப்படியே போட்டுவிட்டுப் பைக்கில் பறந்து வந்தான். வந்து இறங்கி மிஷின் பெட்டியைத் திறந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்த ரெண்டாவது கம்பெனிக்கு இந்தப் பக்கம் சொந்தக் கேபிள் இல்லக்கா. சின்னண்ணன் கேபிள்ல அவங்களுக்கு ரெண்டு இழை இருக்கு. அதுல ஒண்ணுலதான் உங்களுக்கு வருது."

"கம்பெனி வேறன்னு சொன்னியே?"

"கம்பெனி வேறதான? நீங்க கம்பெனியத்தானக்கா கேட்டீங்க."

அவனை அங்கேயே வாய்க்காலில் தள்ளிவிட்டிருப்பாள். தள்ளிவிட்டால் ஒட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

அப்போதுதான் கரைமேல் புல்லட் சத்தம் கேட்டது. சின்னண்ணன். அவருடைய நெட்டும்தான் மொத்தமாக நின்றிருந்தது, லைனைப் பார்த்துக்கொண்டே கரையோடு வந்திருந்தார். வண்டியை நிறுத்திவிட்டுத் தொங்குகிற நுனியைப் பார்த்தார். ரஞ்சிதாவின் கையில் இருந்த கட்டரைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்பமரத்து நிழலில் போய் நின்றார். அவர் கத்தியிருந்தால் ரஞ்சிதாவும் கத்தியிருப்பாள், நெஞ்சுப் பாரம் குறைந்திருக்கும். அந்த மனுஷன் அதற்கும் வழி விடவில்லை.

"ஜெபஸ்டினு, அந்தப் புள்ளகிட்டச் சொல்லு" என்றார். "கத்தியில வெட்டுனா இன்னும் சுத்தமா வந்துருக்கும்னு சொல்லு."

ரஞ்சிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தார்ரோட்டு முக்குல வெட்டிப் பழகுன கைக்கு அது தெரியுமாமான்னு கேளுடா."

ஜெபஸ்டின் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். இரண்டு பேருக்கும் வேண்டியவனாக இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவன், அன்றைக்கு அலுத்துப்போனான்.

"அக்கா, நான் அங்கிருந்துதான் வரேன். உங்க மெயின் லைனை அறுத்தது கரும்பு டிராக்டருங்க. லோடை மலையாட்டம் ஏத்திட்டு அந்த முக்குல திரும்பறான். கேபிள் கரும்புல சிக்கிக்குது. மேல உக்காந்திருக்கற ஆளு கையில வெட்டுக்கத்தி இருக்குது, எடுத்து ஒரே போடா போட்டுடறான். இன்னைக்கி நான் போறப்ப வண்டி அங்கதான் நிக்குது. அந்தாளே, 'ஒயரு குறுக்க இருந்துச்சுங்க, வெட்டிட்டனுங்க'ன்னு சொல்றான்."

"இன்னைக்கி சரி. மத்த நாளு?"

"எல்லா நாளும் அதேதாங்க்கா. ஆலை ஓடற மாசத்துலதான உங்களுக்கு அறுவுது?"

தை, மாசி. ஆலையில் அரவை நடக்கிற மாதங்கள். ரஞ்சிதா மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"இதை எங்கிட்டச் சொல்லறதுக்கென்ன உனக்கு?"

"யாரு வெட்டுனதுன்னு எங்க கேட்டீங்க? நீங்களே சொல்லிட்டீங்க. இல்லைன்னு நான் சொன்னா, அந்தப் பக்கத்து ஆளுன்னு என்னைய நிறுத்தியிருப்பீங்க."

நிறுத்தித்தான் இருப்பாள். அது அவளுக்கும் தெரிந்தது. ஜெபஸ்டின் நுனியைச் சீவி இழைகளை நிறம் பார்த்துப் பிரித்தான். அடுத்த கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து யாராவது பிடித்துக்கொண்டால்தான் இரண்டு நுனியும் மிஷினுக்கு எட்டும். சின்னண்ணன் நிழலைவிட்டு அசையவில்லை. ரஞ்சிதா கட்டரைக் கீழே போட்டுவிட்டு, தான் வெட்டின கேபிளைத் தானே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். உள்ளங்கையில் எரிந்தது. அவள் விடவில்லை.

முதல் இழையை ஒட்டியதும் அவளுடைய ஊர்களுக்கு நெட் திரும்பியது. அடுத்த இழைக்கு அவன் போகும்போது குமரகுரு மறுபடி கூப்பிட்டார். கை இரண்டிலும் கேபிள். மதகுச் சுவர்மேல் கிடந்த போனை ஜெபஸ்டின் எட்டி அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

"வந்துருச்சும்மா. நின்ன எடத்துல இருந்தே புள்ளைங்க எழுதுதுங்க, நேரமும் சேத்துக் குடுத்துருக்கறாங்க" என்றார் குமரகுரு. மூச்சு வாங்கியது அவருக்கு. "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். ரெண்டு லைனு இருக்குது, ஒண்ணு அறுந்தா ஒண்ணு எடுத்துக்கும்னு சொன்னியே. ரெண்டும் எப்புடிம்மா ஒண்ணா அறும்? அவன்தான வெட்டுனான்? நீ சும்மா சொல்லு. இன்னைக்கோட அவன் கடையை மூடிப்போடறேன்."

வேப்பமரத்து நிழலில் சின்னண்ணன் நிமிர்ந்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஊரில் நம்பாத ஆள் ஒருத்தர் இருக்க மாட்டார், இத்தனை வருஷமாக அவள்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளே! ஜெபஸ்டின் வாயைத் திறக்க மாட்டான். கல்லூரியும் நிற்கும், பண்ணைகளும் நிற்கும், அந்த ஆளும் ஒழிவார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"மெயின் லைனு கரும்பு வண்டியில அறுந்துச்சுங்க" என்றாள். "ரெண்டாவதை நாந்தானுங்க வெட்டுனேன். அவுங்க லைனுன்னு நெனச்சு வெட்டீட்டேன். அதுலதான் எனக்கும் வந்துருக்குது."

குமரகுரு பேசினார், கோபமே இல்லாமல்.

"பரிச்சை நடக்கற அன்னைக்கி, கட்டரைத் தூக்கிட்டுப் போயி உன் நெட்டை நீயே வெட்டிருக்கறே."

"ஆமாங்க."

"சரிம்மா. நாளையில இருந்து நான் சின்னண்ணங்கிட்டயே வாங்கிக்கறேன். உம்பட சாமானத்தை வந்து எடுத்துக்கோ."

போன் அணைந்தது. ஜெபஸ்டின் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டான். எருமை ஒன்று தண்ணீரிலிருந்து எழுந்து உடம்பை உதறியது. ரஞ்சிதா அப்போதும் கேபிளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள், இன்னும் ஒட்ட வேண்டிய இழைகள் இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. அந்த ஆள் முன்னால் அழுகிறோமே என்கிற ஆத்திரத்தில் இன்னும் அதிகமாக வந்தது.

சின்னண்ணன் நிழலிலிருந்து இறங்கி வந்தார். கேட்டது கிடைத்துவிட்டது அவருக்கு. சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, அவசரம்தான் இருந்தது.

"ஜெபஸ்டினு, இது முடிஞ்சதும் தார்ரோட்டு முக்குக்குப் போயி அந்தப் புள்ளயோட மெயினை ஒட்டிப்போடு. பொழுதுக்குள்ள ஒட்டிப்போடு. சாமானத்தை எடுத்துட்டுப் போகச் சொன்னாங்கன்னு அது பாட்டுக்குக் கேபிளைச் சுருட்டிப் போடப் போகுது. எம்பட ரெண்டாவது லைனு அதுக்குள்ளதான் வருது."

ரஞ்சிதா திரும்பினாள். கம்பெனிக்கு விட்ட அந்த இரண்டு இழை. டவருக்கு என்று அவள் நினைத்துக்கொண்ட இழை.

"ஆரம்பத்துல இருந்தே தெரியுமாடா அவுங்களுக்கு?"

ஜெபஸ்டின் பதில் சொல்லும்முன் சின்னண்ணனே மரத்தைப் பார்த்துச் சொன்னார். "லைன் போட வந்தன்னைக்கே எந்த ரோட்டுல வருதுன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கேபிளை நான் எதுக்கு வெட்டறேன்? என் கழுத்தை நானே அறுத்துக்கறதுக்கா?"

பாசத்தினால் இல்லை, தம்பி பெண்டாட்டி என்பதற்காக இல்லை. தனக்கு வேண்டியிருந்தது, அதனால் வெட்டவில்லை. அவ்வளவுதான். அந்த நியாயம் ரஞ்சிதாவுக்குப் புரிந்தது. புரிந்ததனாலேயே பொறுக்க முடியவில்லை. நடுவில் இருந்த ஜெபஸ்டினை விட்டுவிட்டு, வெங்கடாசலம் செத்த பிறகு முதல்முறையாக, மச்சாண்டாரின் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"நீங்கதான் வெட்டறீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். உங்க லைனு எனக்குள்ள வருது, எம்பட லைனு உங்களுக்குள்ள வருது. இது தெரிஞ்சும், நான் வெட்டலைன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னீங்களா மாமா?"

சின்னண்ணனும் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீதான் எங்கிட்டப் பேச மாட்டயே" என்றார்.